செத்த துவக்கின் முத்திரை

சிவானந்தன் கொடுக்க வேண்டியிருந்தது இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது பவுணும் நாற்பது பென்ஸும். துவக்கைத் திருப்பிச் செய்விக்கிற கூலி, சொந்தக்காரனுக்கு நட்டம், கொண்டுபோய்க் கொண்டுவருகிற செலவு என்று மனேச்சர் கொலின் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கூட்டியிருந்தான். மூன்று வரியிலும் பென்ஸ் இல்லை. கூட்டின இடத்தில் மட்டும் நாற்பது பென்ஸ் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று சிவானந்தன் கேட்கவில்லை. கேட்டால் கணக்குப் பார்க்கிறான் என்று நினைப்பானோ என்ற பயம். கையெழுத்தை வைத்துவிட்டு வந்துவிட்டான்.

அவனும் நானும் ஒரே இடத்தில்தான் வேலை. லண்டனுக்கு மேற்கே, கால்வாய்க் கரையோரம் ஒரு பெரிய ஸ்ரோர். படப்பிடிப்புகளுக்குச் சாமான் வாடகைக்குக் கொடுக்கிற கொம்பனி. கதிரை, பழைய ரெலிபோன், ஆஸ்பத்திரிக் கட்டில், சவப்பெட்டி எல்லாம் கீழே. சீருடையும் சப்பாத்தும் மேலே. பின்பக்கத்தில் கம்பிவலை அடித்த ஒரு கூடு. அதற்குள்ளே துவக்குகள். வெறும் சத்தம் போடுகிற வெடி வைத்துச் சுடக்கூடியவை இன்னும் உள்ளே இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கும். அந்தக் கதவைத் திறக்கிற திறப்பு கொலினிடம் மட்டும்தான். வெளிக்கூட்டில் நிற்கிறவை செத்த துவக்குகள். குழலை வெட்டி, உள்ளே ஊசியை அரைத்து, இனி ஒருநாளும் சுடாது என்று சட்டப்படி முத்திரை குத்தினவை. நூற்றுநாற்பது இருந்தன. அவற்றைத் துடைத்து வைப்பது சிவானந்தனின் வேலை. சாமானை வான் வண்டியில் ஏற்றி இறக்குவது என்னுடைய வேலை.

லூயிஷாமில் அவன் எடுத்திருந்த வீட்டில் மேல் மூலை அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். காலை ஐந்தே முக்காலுக்கு இருவரும் ஒன்றாக இறங்குவோம். லண்டன் பிரிட்ஜ்வரை ரயில், பிறகு நிலத்துக்குக் கீழே இரண்டு ரயில். சிவானந்தன் ரயிலில் இருந்தபடியே தூங்குவான். இறங்க வேண்டிய இடம் வந்ததும் தானாக முழிப்பான். ஒருநாளும் தவறினதில்லை.

துவக்கைப் பராமரிப்பது சுகமான வேலை என்று வெளியில் நினைப்பார்கள். படப்பிடிப்பால் வருகிறபோது அவை இருக்கிற கோலத்தைப் பார்த்தால் தெரியும். இரத்தம் என்று ஊற்றுவது சீனிப்பாணி. அது காய்ந்தால் கோந்து மாதிரி ஒட்டும். அதன்மேல் தூசி என்று தூவுகிற மண் வேறு. முதலில் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் துணியைத் தோய்த்துப் பிழிந்து துடைக்க வேண்டும். பிறகு பல் துலக்குகிற பிரசால் மூலை முடுக்கெல்லாம் தேய்க்க வேண்டும். காற்றுக் குழாயைப் பிடித்து ஈரத்தை ஊதி வெளியே எடுத்து, மெல்லிய எண்ணெயை ஒரு சொட்டு விட்டுத் துணியால் இழுக்க வேண்டும். எண்ணெய் கூடினால் தூசி பிடிக்கும், குறைந்தால் இரும்பு துருவேறிக் கறள் பிடிக்கும். மரப்பிடிக்கு வேறு எண்ணெய். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. சிலருடைய கைவியர்வை அவ்வளவு புளிப்பு, ஒரு விரல் பட்ட இடம் அடுத்த வாரம் கறளாகத் தெரியும் என்று கொலின் சொல்வான்.

கால்வாய்க் காற்று ஈரமானது. ஈரத்தை இழுக்கிற மெசின் ஒன்று மூலையில் உறுமிக்கொண்டு நிற்கும், நிரம்பினால் தானாக நின்றுவிடும். சிவானந்தன் தன் பாட்டுக்கு ஒரு வேலை செய்தான். துவக்குகள் நிற்கிற தட்டுகளின் மூலையெல்லாம் கற்பூரக் கட்டியைச் சின்னத் துணியில் முடிந்து வைத்தான். ஊரில் சைக்கிள் கடையில் சைக்கிள் திருத்துகிற ஆயுதப் பெட்டிக்குள் அப்படித்தான் போட்டு வைப்பார்களாம், கறள் அண்டாது. முதலில் கொலின் மூக்கைச் சுளித்தான். அந்த வருசம் கறள் குறைந்ததைக் கண்டபிறகு ஒன்றும் சொல்லவில்லை. கோயில் வாசம் அடிக்கிற ஆயுதக்கூடு லண்டனில் அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

அந்த நூற்றுநாற்பதில் ஒன்று எஸ்.எல்.ஆர். இரும்பின் இடப்பக்கத்தில் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்தும் ஆண்டும் அடித்திருந்தது. இந்தியாவில் செய்தது. ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்த குண்டு தானே ஏறி நிற்கும். வெள்ளைக்காரன் இதே மாதிரியை இந்த லண்டனுக்கு வடக்கே செய்து தன்னுடைய பட்டாளத்துக்கு முப்பது வருசம் கொடுத்தான். இந்தியா அதைப் பார்த்துத் தன் கையால் செய்தது. பின்கட்டையின் அடியில் மட்டும் பழைய காலத்து மாதிரி ஒரு சின்னக் கதவு வைத்தது. திறந்தால் எண்ணெய்ப் போத்தல் வைக்கிற பொந்து. இந்தியப் பட்டாளம் கழித்த பிறகு எப்படியோ கப்பலேறி இங்கே வந்து, தொண்ணூறுகளில் லண்டனில் செத்தது. சொந்தக்காரன் ஒரு வயதான வெள்ளைக்காரன். துவக்கைக் கொம்பனியில் விட்டு, வாடகை வருகிறபோது பங்கு எடுப்பான்.

அது பழைய சட்டத்தில் செத்த துவக்கு. அதனால் கைப்பிடியை இழுத்தால் உள்ளிரும்பு பின்னால் போய்ச் சடக் என்று முன்னால் வரும். இப்போதைய சட்டத்தில் சாகடிக்கிறவை எல்லாம் உள்ளுக்குள்ளே ஒட்டிவிட்டவை, அசையாது. அந்தச் சடக் சத்தத்துக்காகவே படக்காரர் அதைத் தேடி வருவார்கள்.

முதன்முதல் அதைக் கையில் எடுத்தபோது சிவானந்தன் எழுத்தைப் பார்த்துவிட்டு, பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, என்னிடம் சொன்னான்.

"அண்ணை, உது எங்கட ஒழுங்கையால போனது."

அவனுக்கு அப்போது பதினான்கு வயது. எண்பத்தேழில் அவனுடைய ஊரான கோப்பாயில் இந்தியப் பட்டாளம் வந்தபோது இதைத்தான் தோளில் போட்டிருந்தார்கள். ஒருவன் அவனுடைய வீட்டுக் கிணற்றுக்கட்டில் இதைச் சாத்திவிட்டுத் தண்ணீர் குடித்தானாம். அதே நாள் பின்னேரம் வீட்டுத் தெருவான அந்த ஒழுங்கையின் முடக்கில் ஐந்து பேரை இருத்தி வைத்துச் சுட்டார்கள். அதில் ஒருவன் இவனுடைய பெரியப்பாவின் மகன். இதற்குமேல் அவன் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் எஸ்.எல்.ஆரை மட்டும் அவன் மற்றவற்றைவிடக் கூடுதல் நேரம் துடைப்பான். அந்தப் பொந்துக்குள்ளும் ஒரு கற்பூரக் கட்டி போட்டு வைத்தான்.

ஒவ்வொரு வருசமும் ஆயுத பூசைக்கு அவன் தன் மேசையில் ஸ்பேனர்ச் சாவி, திருகாணிக்கட்டை, எண்ணெய்ப் போத்தல், பிரசு எல்லாவற்றையும் பரப்பி, சந்தனப் பொட்டு வைத்து, ஒரு பூ வைப்பான். கொலினுக்குச் சாமான்களின் பிறந்தநாள் என்று விளங்கப்படுத்தியிருந்தான். போன ஒக்ரோபரில் குருமூர்த்தியும் சேர்ந்துகொண்டான். அவன் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், கொம்பனியில் சாமான் பதிவைக் கொம்பியூற்றரில் பார்க்கிறவன். எங்களுக்கெல்லாம் வயதில் குறைந்தவன். ஈஸ்ட் ஹாமிலிருந்து பொரி, கடலை, வெல்லம், அரை டசின் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தான். எங்கள் பேச்சில் அது தேசிக்காய்.

"அண்ணே, ஸ்பேனருக்கெல்லாம் பொட்டு வைக்கிறீங்க, வேலையே துப்பாக்கியிலதான. அதுல ஒண்ணையாவது எடுத்து வைங்க."

சிவானந்தன் தட்டுகளை ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு போய் எஸ்.எல்.ஆரை எடுத்து வந்து மேசையில் சரித்துக் கிடத்தினான். தேசிக்காயைப் பாதியாக வெட்டிக் குங்குமம் தடவி மேலே தெரிந்த பக்கவாட்டு இரும்பின் இரண்டு முனையிலும் வெட்டுமுகம் மேலே பார்க்க வைத்தான். கற்பூரம் கொளுத்தவில்லை. நெருப்பு மணி அடித்துவிடும். கையால் சுற்றிக் கும்பிட்டோம். மூவரும் பொரி தின்றோம்.

பூசையில் வைத்த ஆயுதத்தை அடுத்தநாள் விஜயதசமிவரை தொடக்கூடாது. பூசை நடந்தது புதன்கிழமை. வியாழன் காலை எடுத்துத் துடைத்து வைப்பது என்று எண்ணம். வியாழன் காலை கொலின் அவனையும் என்னையும் கென்ற் பக்கம் ஒரு படப்பிடிப்புக்குச் சாமான் இறக்க அனுப்பினான். வெள்ளியும் அங்கேதான். திங்கள் வந்து பார்த்தபோது ஒரு தேசிக்காய்ப் பாதி கவிழ்ந்து கிடந்தது. மேசைக்குக் கீழே காற்று மெசின் ஓடினால் மேசை அதிரும், அதில் சரிந்திருக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் கறுப்புப் பூச்சைப் புளி தின்று, வட்டமாக, செம்மஞ்சளாகக் கறள் ஏறியிருந்தது. ஒரு ரூபாய்க் காசுக் குற்றியளவு. சரியாக முத்திரைக்கு மேலே.

அந்த நேரம் அவன் கொலினிடம் போயிருந்தால் ஒரு திட்டோடு முடிந்திருக்கும். அவன் போகவில்லை. பயம் வந்தால் மனிதன் முதலில் மறைக்கத்தான் பார்க்கிறான். என்னைப் பார்த்து மெல்ல, தச்சு மேசையில் இரும்பு தேய்க்கிற எமெறித்தாள் இருக்கிறதா என்று கேட்டான். நான் போய் நானூறாம் நம்பர்த் தாளில் ஒரு துண்டு கிழித்து வந்து கொடுத்தேன். அவன் எண்ணெய் தொட்டுத் தேய்த்தான். கறள் போயிற்று. இரும்பைக் கறுக்க வைக்கிற மருந்து ஒரு போத்தலில் இருந்தது, அதைத் தடவினான். பழையபடி கறுப்பாக வந்தது. இருவரும் பெருமூச்சு விட்டோம்.

முத்திரை ஆழமாக அடித்தது அல்ல என்பது எங்களுக்குத் தெரியாது.

துவக்கு ஒன்று வெளியே போகிறபோது குருமூர்த்தி அதன் நம்பரையும் முத்திரையையும் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் படம் எடுக்க வேண்டும். அடுத்த கிழமை ஒரு ரெலிவிசன் தொடருக்கு எஸ்.எல்.ஆர் கேட்டார்கள். அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான், போட்டுவிட்டுப் பார்த்தான். லைற்றைக் கிட்டப் பிடித்தான். பிறகு சிவானந்தனிடம் வந்து நின்றான்.

"அண்ணே, அந்த எடத்தைத் தேய்ச்சீங்களா?"

சிவானந்தன் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"இந்த முத்திரை இருந்தா அது இரும்பு. இல்லேன்னா சட்டத்துக்கு அது துப்பாக்கிண்ணே. நான் சொல்லாம விட்டா நாளைக்கு என் தலையும் போகும். என்னை மன்னிச்சிருங்க."

அவன் அழுகிற மாதிரி இருந்தான். சிவானந்தன்தான் அவனுடைய தோளைத் தட்டி, போய்ச் சொல்லுங்கோ தம்பி என்று அனுப்பினான்.

கொலின் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது என்று பிறகு தோன்றியது. கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொல்லி, தேநீர் கொடுத்து, நிதானமாக விளங்கப்படுத்தினான். முத்திரை வாசிக்க ஏலாவிட்டால் பத்திரம் செல்லாது. துவக்கைத் திரும்பவும் புதுச் சட்டத்தின்படி சாகடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் உள்ளிரும்பு ஒட்டிவிடும், சடக் சத்தம் வராது, சொந்தக்காரனுக்குப் பாதி விலை போய்விடும். நீ பொய் சொல்லவில்லை, நல்ல வேலைக்காரன், மாதம் இருநூறாகச் சம்பளத்தில் கழித்துக்கொள்கிறேன் என்றான். அப்போதுதான் அந்த மூன்று வரித் தாள்.

எமெறித்தாள் எங்கிருந்து வந்தது என்று கொலின் கேட்டானாம். மேசையில் கிடந்தது என்று சிவானந்தன் சொன்னான். நான் வாசலில் வானுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே போய் ஒரு சொல் சொல்ல எனக்குக் கால் வரவில்லை.

டொலறஸ், சிவானந்தனின் மனைவி. குருநகர்க் கடற்கரைப் பெண், மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரி. இருவரும் பிந்திக் கலியாணம் செய்தவர்கள். ஐந்து வருசத்துக்கு முந்தி அவனுடைய துணை என்ற விசாவில் வந்தாள். அந்த விசா மார்ச் ஒன்பதாம் திகதி முடிகிறது. அதற்குள் நிரந்தரமாக இருக்கிற அனுமதிக்கு விண்ணப்பம் போட வேண்டும். அதற்குக் கட்டணம் மூவாயிரத்துச் சொச்சம். அதோடு இந்த நாட்டைப் பற்றின சோதனை ஒன்று. அந்தச் சோதனையை அவள் இரண்டாம் முறை எழுதித்தான் பாஸ் பண்ணினாள். வெங்காயம் உரித்தபடி எந்த ராசாவுக்கு எத்தனை பெண்சாதி, எந்த ஆண்டில் எந்தச் சண்டை என்று எங்களிடம் கேட்பாள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இங்கே பிறந்த வெள்ளைக்காரருக்கும் தெரியாது என்று சொல்லிச் சிரிப்பாள்.

விசாப் பத்திரம் எல்லாம் பார்க்கிறவர் ஈஸ்ட் ஹாமில் இருந்த கிறிஸ்துராஜா. அவர் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் முக்கியமானது மூன்று. சிவானந்தனின் ஆறு மாதச் சம்பளத் துண்டு. அதற்குரிய வங்கிக் கணக்கு. கடைசியாக, இவர் இப்போதும் எங்களிடம் வேலை செய்கிறார் என்று கொம்பனி எழுதிக் கொடுக்கிற கடிதம், அனுப்புகிற நாளுக்கு ஒரு மாதத்துக்குள் எழுதினதாக இருக்க வேண்டும். டொலறஸ் மரக்கறிக் கடையில் வாரத்தில் இரண்டு நாள் வேலை செய்தாள். அது விசாவுக்குக் காட்டுகிற வருமானத்துக்குப் போதாது. புது வேலைக்குப் போனால் திரும்ப ஆறு மாதத் துண்டு சேர்க்க வேண்டும். ஆகையால் மார்ச் முடியுமட்டும் இந்த வேலையை விட்டு அசையாதையுங்கோ என்று கிறிஸ்துராஜா சொல்லியிருந்தார்.

கொலினின் தாளில் கையெழுத்து வைத்த அன்று பின்னேரம் குசினியில் டொலறஸ் சூடை மீனைக் கழுவிக்கொண்டு நின்றாள். நான் கதவடியில் நிற்க, சிவானந்தன் சப்பாத்தைக் கழற்றாமலே நடந்ததைச் சொன்னான். அவள் மீனை விடாமல் கேட்டாள். பிறகு திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, எங்கட சனத்தைச் சுட்ட துவக்குக்கே பொட்டு வைச்சனீங்கள்?"

"அது எனக்குச் சோறு போடுது, டொலறஸ்."

"ஐஞ்சு பேரை இருத்தி வைச்சுச் சுட்டது."

"அந்தத் துவக்கோ இல்லையோ ஆருக்குத் தெரியும். சுட்டது கை. இப்ப அதைத் துடைக்கிறது என்ர கை. நான் என்ர வேலையைத்தான் கும்பிட்டனான்."

"கும்பிட்டதுக்கு நல்லாத் தந்திருக்கு."

அவன் கதிரையில் இருந்தான். அவள் மீன் சட்டியை அடுப்பில் வைத்தாள். புளியைக் கரைக்க எடுத்தவள் ஒரு நிமிசம் கையில் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கரைத்தாள். பிறகு அவன்தான் பேசினான்.

"ஒண்டு யோசிச்சுப் பாரும். மாசம் இருநூறு. முடிய ஒரு வருசம் செல்லும். கடன் இருக்குமட்டும் அவன் என்னை வேலையால கலைக்கமாட்டான். கலைச்சால் அவனுக்குக் காசு வராது. மார்ச்சுக்கு எங்களுக்கு வேலை இருக்கும்."

"அப்ப இன்னும் ரெண்டு துவக்கைத் தேய்ச்சிட்டு வாங்கோவன்" என்றாள் அவள். "கடைசிவரைக்கும் வேலை நிரந்தரம்."

மூவரும் சிரித்தோம். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

முதல் மாதம் இருநூறும் நாற்பது பென்ஸும் கழித்தார்கள். சில்லறையை முதலில் தீர்ப்பதுதான் நல்லது என்று சிவானந்தன் சொன்னான். விண்ணப்பக் கட்டணத்துக்கு வங்கியில் ஆயிரத்து அறுநூறு கிடந்தது, மிச்சத்தை மாதாமாதம் சேர்ப்பது என்று முதலில் திட்டம். அந்த மிச்சம் இப்போது துவக்குக்குப் போனது. டொலறஸ் கடையில் சனிக்கிழமையும் கேட்டு வாங்கினாள். காலை நாலரைக்குச் சந்தையால் வருகிற மரவள்ளிக் கிழங்குப் பெட்டியும் பலாக்காய்ப் பெட்டியும் இறக்கி அடுக்குகிற வேலை. விரல் நுனியெல்லாம் வெடித்துப் போயிற்று. சிவானந்தன் ஞாயிறுகளில் ஸ்ட்ரெதமில் ஒரு கலியாண மண்டபத்தில் சட்டி கழுவினான். அந்தக் காசைத் துண்டில் காட்ட ஏலாது, ஆனால் கட்டணத்துக்கு உதவும். நான் வாடகையை இரண்டு மாதம் முன்னுக்கே கொடுத்தேன். அவன் வேண்டாம் என்றான். நான் மேசையில் வைத்துவிட்டு மேலே போனேன். எமெறித்தாளைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. பிறகும் அவன் சொல்லவில்லை என்று அவள் என்னோடு கதைக்கிற விதத்தில் தெரிந்தது. எப்போதும்போல அண்ணை என்று கூப்பிட்டுச் சோறு போட்டாள்.

டிசம்பரில் துவக்கு திரும்பி வந்தது. உள்ளிரும்பெல்லாம் ஒட்டி, பக்கத்தில் ஆழமாகப் புது முத்திரை அடித்து, புதுப் பத்திரத்தோடு. சிவானந்தன் பெட்டியைத் திறந்து எடுத்து, பழக்கத்தில் கைப்பிடியை இழுத்தான். அது அசையவில்லை. தேய்த்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிட மினுமினுப்பாக, ஒரு தழும்பு மாதிரி இருந்தது. பின்கட்டைக் கதவைத் திறந்து பார்த்தான். கற்பூரம் கரைந்து துணி மட்டும் கிடந்தது. பையிலிருந்து இன்னொரு கட்டியை எடுத்து முடிந்து வைத்தான். பிறகு வழமைபோல எண்ணெய் விட்டுத் துணியால் இழுத்து, அதன் இடத்தில் நிறுத்தினான். அசையாத துவக்குக்கும் கறள் பிடிக்கும்.

ஜனவரியில் குளிர் கடுமை. கால்வாய் ஓரமெல்லாம் உறைந்து கிடந்தது. அந்த நாட்களில் இன்சூரன்ஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள். வருசாவருசம் வருகிறவர்கள்தான். கூட்டைப் பார்த்தார்கள், திறப்புக் கொத்தைப் பார்த்தார்கள், வருசத்தில் நடந்த சேதங்களைக் கேட்டார்கள். கொலின் ஒளிக்கிற ஆள் இல்லை. எஸ்.எல்.ஆர் கதையையும் சொன்னான். ஒரு பெண் எழுதிக்கொண்டாள். சிவானந்தனைக் கூப்பிட்டு, கற்பூரம் எதற்கு, தேசிக்காய் எதற்கு என்று கேட்டாள். குருமூர்த்தி நின்று இங்கிலிஷில் விளங்கப்படுத்தினான். அவள் மிகவும் மரியாதையாகக் கேட்டாள், சுவாரசியமாக இருக்கிறது என்றாள். போகும்போது சிவானந்தனின் கையைக் குலுக்கினாள்.

"நல்ல பிள்ளை" என்று சிவானந்தன் ரயிலில் என்னிடம் சொன்னான். "முகத்தைச் சுளிக்கேல்லை."

பெப்ரவரி முதல் கிழமையில் கட்டணக் காசு சேர்ந்துவிட்டது. கலியாண மண்டபக் காசு, கடைக் காசு, என் வாடகை எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நாற்பது. டொலறஸ் வங்கிக் கணக்கைப் போனில் திறந்து எனக்கும் காட்டினாள். சம்பளத் துண்டு ஆறும் ஒரு பிளாஸ்ரிக் உறையில் இருந்தன. வேலைக் கடிதம் ஒன்றுதான் மிச்சம். சிவானந்தன் கொலினிடம் கேட்டிருந்தான். கொலின் தலையாட்டி, அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன், வீட்டுக்கு வரும் என்றானாம். சொல்லும்போது அவன் மேசையிலிருந்த பேனையையே பார்த்தான் என்று சிவானந்தன் பிறகுதான் சொன்னான்.

கிறிஸ்துராஜா பதினாறாம் திகதி விண்ணப்பத்தை அனுப்ப நேரம் கொடுத்திருந்தார். ஒவ்வொரு நாளும் டொலறஸ் கடையால் வந்ததும் கதவடியைத்தான் பார்ப்பாள். பீட்சாக் கடைத் தாள், கவுன்சில் தாள், ஒருநாள் கண்தானம் கேட்டு ஒரு தாள்.

கடிதம் வந்தது பதின்மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமை. வெளியில் நசநச என்று தூறல். நாங்கள் இருவரும் அன்று காலை வேலைக்குப் போகவில்லை. ஸ்ரோரில் மின்சார வேலை நடக்கிறது, வரவேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிட்டார்கள். எனக்கும் அவனுக்கும் மட்டும் சொன்னார்களா, எல்லாருக்கும் சொன்னார்களா என்று அப்போது யோசிக்கவில்லை. டொலறஸ் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். கதவடியில் விழுந்த சத்தம் கேட்டதும் கையைச் சட்டையில் துடைத்தபடி ஓடிப்போய் எடுத்தாள். நீள உறை, கொம்பனியின் அடையாளம் மூலையில். சிவானந்தனிடம் நீட்டினாள். அவன் திருப்பி அவளிடம் கொடுத்தான்.

"நீர்தானே சோதனை பாஸ் பண்ணின ஆள். வாசியும்."

அவள் நின்றபடியே பிரித்தாள். இரண்டு தாள் இருந்தது. உதட்டை அசைத்து வாசித்தாள். முகம் விரிந்தது.

"இஞ்சேருங்கோ. கடனை விட்டிட்டாங்களாம்."

"என்ன?"

"மிச்சம் ஆயிரத்து ஐந்நூற்று எண்பதும் வேண்டாமாம். இன்சூரன்ஸ்காரர் சொந்தக்காரனுக்கு முழுக்கக் குடுத்திட்டினமாம். நாங்கள் கட்டின எண்ணூறும் நாற்பது பென்ஸும் கொம்பனியின்ர பங்குக்குச் சரியாம். இனி ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கத் தேவையில்லையாம்." அவள் நெஞ்சில் சிலுவை போட்டாள். "மாதாவே. நான் கொலினைப் பற்றி என்னவெல்லாம் நினைச்சன்."

சிவானந்தன் என்னைப் பார்த்தான். அவனுடைய வாய் சிரிப்பதற்கு ஆயத்தமாகி நின்றது. எமெறித்தாளை இனி ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை என்றுதான் எனக்கு முதல் நினைப்பு வந்தது. அது ஞாபகம் இருக்கிறது.

"மற்றத் தாள் வேலைக் கடிதமாக்கும்" என்றான் சிவானந்தன்.

அவள் இரண்டாவது தாளை மேலே எடுத்தாள். இம்முறை மெல்ல வாசித்தாள். ஒரு வரியில் நின்றாள். திரும்ப அந்த வரியின் தொடக்கத்துக்குப் போனாள். அடுப்பில் புட்டுப் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் அடுப்பைக் குறைத்தேன்.

"டொலறஸ்."

"பொறுங்கோ."

அவள் எங்களைப் பார்க்காமல், சோதனைக்குப் பாடமாக்கின அதே குரலில், ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னாள். இன்சூரன்ஸ்காரர் காசு கொடுத்தது ஒரு நிபந்தனையோடு. சேதம் செய்த ஆள் இனி அந்தச் சாமான்களைத் தொடக்கூடாது. கொம்பனியில் அவருக்குக் கொடுக்க வேறு வேலை இல்லை. இதுவரை செய்த சேவைக்கு நன்றி. வருகிற வெள்ளியோடு வேலையும் கணக்கும் முடியும். சட்டப்படி தரவேண்டிய அறிவித்தல் நாட்களின் சம்பளம் வங்கிக்கு வரும். வருத்தமாக இருக்கிறது என்று கொலின் தன் கையெழுத்தில் கீழே தனியாக ஒரு வரி எழுதியிருந்தான்.

சிவானந்தன் எழுந்து போய்க் கைகழுவுகிற தொட்டியில் குழாயைத் திறந்து, தண்ணீர் குடிக்காமல், திரும்ப மூடினான். மேசையில் பிளாஸ்ரிக் உறைக்குள் ஆறு துண்டும் வரிசையாகத் தெரிந்தன. அவன் வந்து இருந்து அதைத் தன் பக்கம் இழுத்து, மூலையை நேராக்கி, திரும்பவும் பழைய இடத்தில் வைத்தான்.

டொலறஸ் கிறிஸ்துராஜாவுக்குப் போன் எடுத்தாள். மணி போய்க்கொண்டேயிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவர் பத்துமணிக்குத்தான் வருவார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மணி அடித்து ஓய்ந்தபிறகு சிவானந்தன் கேட்டான். காது கேளாத ஆள் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"இப்ப நாங்கள் அவையளுக்கு எவ்வளவு குடுக்கக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை" என்றாள் டொலறஸ்.